இந்திய நகரங்களில் மின்சார ஸ்கூட்டர்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் மாணவர் உள்ளத்தில் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் தோன்றுதல் இயல்பு. ஒரு குடும்பம் நாள்தோறும் ஏறிச் செல்லும் வண்டிக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அத்துணை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்திய நகரங்களில் இன்று பச்சை நிற எண் பலகையோடு ஓசையின்றி ஓடும் மின்சார ஸ்கூட்டரைக் காண்போர், அதனைப் புத்தம் புதிய பொருளாகவே கருதுவர். ஆயின், அவ்வண்டிக்குப் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை ஒன்று நிற்கின்றது. அக்கதையைத் தொடக்கத்திலிருந்து படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். கையில் பணம் இருந்தால் மட்டும் ஸ்கூட்டருக்கு உரியவனாகிவிடலாம் என்ற நிலை அந்நாட்டு நடுத்தரக் குடும்பத்தானுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. அன்று அரசின் உரிமமும் காத்திருப்போர் வரிசையும் குறுக்கே நின்றன. இன்று அவன் குடியிருக்கும் வீட்டின் சுவர் குறுக்கே நிற்கின்றது.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் ஸ்கூட்டர் உற்பத்தி இத்தாலிய உதவியுடன் தொடங்கியது. மும்பையில் லாம்பிரெட்டா வண்டிகள் ஒன்றுகூட்டப்பட்டன. பூனாவுக்கு அருகிலுள்ள ஆகுர்டியில் பஜாஜ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெஸ்பா வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. எந்தத் தொழிற்சாலை ஆண்டொன்றுக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசே வரையறுத்த காலம் அது. தேவை மிகுந்திருந்தும் உற்பத்தியைப் பெருக்க உரிமம் கிட்டவில்லை. கிடைத்த சில வண்டிகளைப் பங்கிட்டுக் கொடுக்க 1960-இல் ஸ்கூட்டர் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்றையும் அரசு பிறப்பித்தது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதே வாங்குவோரின் கடமையாயிற்று. எட்டு ஆண்டு, பத்து ஆண்டு காத்திருந்தோர் உண்டு. மகன் பள்ளியில் படிக்கும்போது பெயரைப் பதிந்த தந்தை, அவன் வேலைக்குச் சேர்ந்த பின்னர் வண்டியைப் பெற்றார் என்று சொன்னால் இன்றைய இளைஞர் நகைப்பர். அன்று அது நகைப்புக்குரிய செய்தியாக இருக்கவில்லை. அரசு அலுவலர்க்குத் தனி ஒதுக்கீடு இருந்தது. அந்நியச் செலாவணியாகப் பணம் செலுத்த வல்ல உறவினரை வெளிநாட்டில் உடையோர்க்கு வரிசையைக் கடந்து செல்லும் வழியும் இருந்தது. வரிசையில் நின்று பெற்ற புதிய வண்டியை மறுநாளே கூடுதல் விலைக்கு விற்றுவிட முடியும் என்றால், அந்நாளில் அதன் மதிப்பு எத்தகையது என்பதை உய்த்துணரலாம்.

1972-ஆம் ஆண்டு பஜாஜ் நிறுவனம் தன் புதிய வண்டிக்குச் 'சேத்தக்' என்று பெயரிட்டது. மேவார் மன்னர் மகாராணா பிரதாப்பின் குதிரைக்குரிய பெயர் அது. கணவன் ஓட்ட, மனைவி பக்கவாட்டில் அமர, ஒரு பிள்ளை முன்னே நிற்க, மற்றொன்று இடையில் அடங்க, நால்வர் செல்லும் காட்சியே அக்காலத்து இந்திய நடுத்தர வாழ்வின் ஓவியமாயிற்று. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 1980களின் நடுவில் பற்சக்கரம் மாற்றும் தொல்லையில்லாத கைனெட்டிக் ஹோண்டா வந்தது. 1991-க்குப் பின் உரிம ஆட்சி தளர, வரிசைகள் கரைந்தன. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் மோட்டார் சைக்கிள்கள் ஸ்கூட்டரை ஓரங்கட்டின. ஸ்கூட்டர் உற்பத்தியையே நிறுத்தப்போவதாக 2009-இல் பஜாஜ் நிறுவனம் அறிவித்தது. ஆயினும் 2001-இல் வெளிவந்த ஹோண்டா ஆக்டிவா, ஸ்கூட்டருக்கு மறுவாழ்வு அளித்தது. அதனை ஓட்டியோரில் மகளிர் மிகுதி. அலுவலகம் செல்லும் பெண், தந்தையையோ தமையனையோ எதிர்பாராமல் தானே புறப்பட்டது இவ்வகை வண்டிகளால்தான். இந்நிகழ்ச்சிக்கு வரலாற்று நூல்களில் இன்னும் உரிய இடம் கிட்டவில்லை என்பது என் எண்ணம்.

மின்சார வண்டி இக்கட்டத்தில்தான் தயங்கித் தயங்கி நுழைந்தது. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த முதல் வண்டிகள் பெரும்பாலும் ஈய-அமில மின்கலங்களால் இயங்கின. இருக்கைக்குக் கீழே நான்கு கனத்த மின்கலங்கள் இருக்கும். இரவு முழுவதும் மின்னேற்றினால் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடும். ஓராண்டு, ஈராண்டில் அந்தத் தொலைவு பாதியாகக் குறையும். மின்னோடியின் ஆற்றல் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாமலும் இருப்பின் ஓட்டுநர் உரிமமும் வேண்டா, பதிவும் வேண்டா என்பது சட்டம். ஆகவே முதியோரும், மாணவரும், கடைக்குச் சென்றுவரும் இல்லத்தரசியரும் இவற்றை வாங்கினர். பாலத்தில் ஏறும்போது பேருந்துகள் பின்னால் நின்று ஒலியெழுப்ப, மிதிவண்டிக்காரரும் கடந்து செல்ல, அவ்வண்டி ஊர்ந்து போகும். 'பொம்மை வண்டி' என்ற ஏளனத்தை அது நெடுங்காலம் சுமந்தது.

அக்காலத்து முயற்சிகளுள் ஒன்று இவ்வட்டார வாசகர்க்கு நெருக்கமானது. சிங்கப்பூரில் வாழ்ந்து, தொழில் நடத்திய ஹேமலதா அண்ணாமலை, தாயகம் திரும்பி 2008-இல் கோயம்புத்தூரில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். பெருநகரச் செல்வரை விடுத்துச் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் வாழ்வோரை நோக்கியே அவர் தம் வண்டிகளைச் செய்தார். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நடுவண் அரசு மின்சார வண்டிகளுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் வழங்கியது. மெதுவாகச் செல்லும் ஈருருளி வண்டிக்கு அவ்வரம்பு 4,000 ரூபாய். 2012 மார்ச்சில் அம்மானியம் நின்றது, விற்பனை சரிந்தது, பல நிறுவனங்கள் மூடப்பட்டன. ஆம்பியர் தாக்குப்பிடித்து, 2018-இல் கிரீவ்ஸ் காட்டன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அரசின் கையைப் பற்றி நடக்கும் தொழில், அக்கை விலகும்போது தடுமாறும் என்ற பாடம் அப்போதே கிடைத்திருந்தது. அதனைப் படித்தோர் சிலரே.

மாற்றம் சென்னையில் முளைத்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை வளாகத்தில் பயின்ற தருண் மேத்தா, சுவப்னில் ஜெயின் என்னும் இளைஞர் இருவர் 2013-இல் ஏத்தர் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். இலித்தியம்-அயனி மின்கலத்தைக் கொண்டு, பெட்ரோல் ஸ்கூட்டருக்கு வேகத்திலும் இழுவையிலும் சற்றும் குறையாத வண்டியைச் செய்வது அவர்தம் நோக்கம். மாதிரி வண்டியை 2016-இல் காட்டினர். விற்பனைக்கு வந்தது 2018-இல், பெங்களூரில். விலை ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் ரூபாய். நல்ல பெட்ரோல் ஸ்கூட்டரின் விலையைப்போல் இரு மடங்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற அவ்வண்டியைப் பொம்மை என்று அழைக்க எவர்க்கும் வாய் வரவில்லை.

பெங்களூர் முதற்களமாக அமைந்ததில் பொருத்தமுண்டு. நெரிசலில் நின்று நின்று செல்லும் நகருக்கு மின்னோடி ஏற்றது. சிவப்பு விளக்கில் நிற்கும் பெட்ரோல் பொறி எரிபொருளை எரித்துக்கொண்டே நிற்கும். நின்றுவிட்ட மின்னோடிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது சக்கரத்தின் சுழற்சியிலிருந்து சிறிதளவு மின்சாரம் மின்கலத்துக்கே மீள்வதும் உண்டு. செலவுக் கணக்கையும் காண்போம். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் வீதம் மாதத்தில் 25 நாள் ஓட்டினால் 625 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 14 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் 1,400 ரூபாய். மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 30 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால் 21 யூனிட் போதும். யூனிட் எட்டு ரூபாயாக இருப்பினும் 170 ரூபாயைத் தாண்டாது. இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுகின்றது என்பதால், இவ்வண்டியின் புகை அனல்மின் நிலையத்துக்கு இடம்பெயர்ந்திருக்கின்றது என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் நாள்தோறும் சாலையில் நின்று புகையை உண்ணும் போக்குவரத்துக் காவலர்க்கு அந்த இடமாற்றமும் பெரிதே.

2020 சனவரியில் பஜாஜ் தன் மின்சார வண்டியைக் கொணர்ந்தபோது, அதற்குப் பழைய சேத்தக்கின் பெயரையே சூட்டியது. அதே மாதம் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஐகியூப் வந்தது. 2021 சூலையில் ஓலா நிறுவனம் 499 ரூபாய் பெற்றுக்கொண்டு முன்பதிவைத் தொடங்க, ஒரே நாளில் ஓர் இலட்சம் பேர் பதிந்தனர். அக்டோபரில் வரும் என்ற வண்டிகள் திசம்பரில்தான் வரத் தொடங்கின. அன்று பத்தாண்டு, இன்று சில மாதம். எனினும் முன்பணம் கட்டிக் காத்திருக்கும் பழக்கத்தை இந்திய மக்கள் மறந்துவிடவில்லை. இவ்வண்டிகளுள் பலவற்றின் பிறப்பிடம் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டம். ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர் ஆகியவற்றின் தொழிற்சாலைகளும், போச்சம்பள்ளியில் ஓலாவின் தொழிற்சாலையும் உள்ளன. வறட்சிக்கும் மாம்பழத்துக்கும் பெயர்பெற்ற அம்மண்ணில் இளம்பெண்கள் ஸ்கூட்டர்களைப் பூட்டுகின்றனர்.

இவ்வளர்ச்சிக்கு நடுவே 2022 மார்ச் மாத இறுதியில் வேலூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் வீட்டில் மின்னேற்ற வைத்துவிட்டு உறங்கிய தந்தையும் மகளும், வண்டி தீப்பற்றியதால் எழுந்த புகையில் மூச்சுத்திணறி மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஸ்கூட்டர் விற்பனையகம் ஒன்றில் பற்றிய தீயின் புகை, அதன் மேல்தளங்களில் இயங்கிய விடுதியில் தங்கியிருந்த எண்மரின் உயிரைக் குடித்தது. இலித்தியம் மின்கலம் அளவுக்கு மீறிச் சூடேறின், ஓர் அறையின் வெப்பம் அடுத்த அறையைப் பற்ற, சங்கிலிபோல் எரியும். நீரூற்றினாலும் எளிதில் அணையாது. கோடையில் நாற்பது பாகையைத் தாண்டும் நகரங்களுக்கு ஏற்ற கட்டுப்பாடின்றி மின்கலங்கள் விற்கப்பட்டமை பெருங்குற்றம் என்றே சொல்லத் துணிகிறேன். 2022 திசம்பர் முதலும் 2023 மார்ச் இறுதி முதலும் இரு கட்டங்களாகக் கடுமையான மின்கலப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. விதி வரும் முன்னர் உயிர்கள் போயின.

அந்தத் தந்தையும் மகளும் வண்டியை ஏன் வீட்டில் மின்னேற்றினர் என்று எவரும் வினவவில்லை. வினவத் தேவையும் இல்லை; வேறிடம் ஏது? தனி வீடும் முற்றமும் உடையோர் வண்டியை வெளியே நிறுத்தி, நில இணைப்புடன் கூடிய பிளக் பாயிண்ட் ஒன்றை அமைத்துக்கொள்வர். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவன் என் செய்வான்? கீழே வண்டி நிறுத்துமிடத்தில் உள்ள மின்விளக்கு, கட்டடத்தின் பொதுக் கணக்கில் எரிவது. அதிலிருந்து மின்சாரம் எடுக்கச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். வீட்டுக்காரரின் ஒப்புதலும் வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. ஆயினும் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைத்து வாங்கும் வாடகை வீடுகளில் அச்சலுகை குடியிருப்போரை எட்டுவதில்லை. கழற்றி எடுக்கும் மின்கலம் உடைய வண்டியை வாங்கி, பத்துக் கிலோவுக்குக் குறையாத அச்சுமையை மாடிக்குத் தூக்கிச் சென்று மின்னேற்றுவோர் உள்ளனர். ஏறுவதற்கு வண்டி, அதனை ஏற்றுவதற்கு மனிதன்!

அரசு இதனை அறியாமல் இல்லை. மின்னேற்று நிலையம் நடத்த மின்விற்பனை உரிமம் வேண்டியதில்லை என்று 2018-இல் தெளிவுபடுத்தப்பட்டது. புதிய கட்டடங்களில் வண்டி நிறுத்துமிடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மின்னேற்றும் வசதி வேண்டும் என மாதிரிக் கட்டட விதிகள் 2019-இல் திருத்தப்பட்டன. மாதிரி விதி மாதிரியே. மாநிலங்கள் ஏற்றால்தான் சட்டம். மேலும் அது புதிய கட்டடங்களுக்கே உரியது. நகரமோ பழைய கட்டடங்களால் ஆனது.

மானியத்தின் கதையும் இதனோடு பின்னிக் கிடக்கின்றது. 2019-இல் தொடங்கிய இரண்டாம் 'ஃபேம்' திட்டம், 2021 சூனில் ஒரு கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. மூன்று அலகு மின்கலம் உடைய வண்டிக்கு 45,000 ரூபாய். வண்டியின் விலை மானிய வரம்பைத் தாண்டாதிருக்க, சில நிறுவனங்கள் மின்னேற்றியைத் தனிப்பொருளாகக் காட்டித் தனியே விற்றன. குதிரையை வாங்கியவனிடம் கடிவாளத்துக்குத் தனி விலை கேட்ட கதையாயிற்று. அரசு தலையிட, 2023-இல் அப்பணத்தைத் திருப்பித் தர அந்நிறுவனங்கள் இசைந்தன. அதே ஆண்டு சூன் முதல் மானியம் 10,000 ரூபாயாகவும், உச்சவரம்பு விலையில் நூற்றுக்குப் பதினைந்தாகவும் குறைந்தது. 2024 மார்ச்சுடன் அத்திட்டம் முடிந்தது. பின்வந்த திட்டங்களில் தொகை மேலும் சுருங்கியது. இம்முறை தொழில் வீழவில்லை. 2024-25 நிதியாண்டில் பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட மின்சார ஈருருளிகள் பதிவாயின. அவ்வாண்டு விற்ற ஈருருளிகளில் அது நூற்றுக்கு ஆறு என்னும் அளவு.

தமிழாசிரியர்க்காக ஒரு செய்தி. ஸ்கூட்டரைக் 'குதியுந்து' என்று தமிழாக்கியோர் உண்டு. மக்கள் நாவில் அது நிலைக்கவில்லை. ஆனால் மக்கள் தாமே வேறொன்று செய்தனர். 'பெட்ரோல் போட்டாயா?' என்று கேட்ட வாய், இன்று 'சார்ஜ் போட்டாயா?' என்று கேட்கின்றது. பொருள் மாறியும் வினை மாறவில்லை.

இனி எஞ்சியிருப்பது மின்கலத்தின் ஆயுள். பழைய சேத்தக், தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து தெருமுனைப் பணிமனைக்கும் சென்று, முப்பது ஆண்டு உழைத்தது. சுத்தியலும் திருப்புளியும் அறிந்தவன் அதனைப் பழுதுபார்த்தான். மின்சார ஸ்கூட்டரின் விலையில் பெரும்பங்கு மின்கலத்தினுடையது. அதனைத் திறந்து பார்க்கத் தெருமுனைப் பணியாளனுக்கு அனுமதியும் இல்லை, கருவியும் இல்லை. 2021, 2022-ஆம் ஆண்டுகளில் பெருந்திரளாக விற்ற வண்டிகளின் மின்கலங்கள் 2030-ஐ ஒட்டி மூப்படையும். பழைய வண்டியை வாங்க வருவோர் இப்போது வண்ணத்தையும் சக்கரத்தையும் பார்ப்பதற்கு முன்னர், முழு மின்னேற்றத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றது என்றே கேட்கின்றனர்.