கார் வண்ண வரைவு

கார் வண்ண வரைவு என்பது, இன்னும் உருவாகாத ஒரு காரின் வடிவத்தையும் பளபளப்பையும் தாளில் கண்முன் நிறுத்தும் ஓவிய முறை. 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹார்லி ஏர்ல் தலைமையில் வடிவமைப்புக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய பின், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இது தனித் தொழிலாக வளர்ந்தது. 1959இல் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்த வடிவமைப்பாளர் சிட் மீட், குவாஷ் எனும் ஒளிபுகா நீர்வண்ணத்தில் தீட்டிய படங்கள் இக்கலையின் உச்சங்களில் அடங்கும்.

முதலில் மெல்லிய பென்சில் கோடு. சக்கரங்களின் நீள்வட்டம் பிசகினால், பின்னர் எவ்வளவு அழகாகத் தீட்டினாலும் வண்டி தரையில் நிற்காது. அடுத்து மார்க்கர்: மை உலருமுன் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும், தயங்கினால் திட்டு விழும். உருண்ட பரப்புகளுக்குச் சாக் பேஸ்டலைப் பிளேடால் சுரண்டி, அந்தப் பொடியுடன் சிறிது டால்கம் பவுடர் கலந்து பஞ்சால் தேய்ப்பார்கள். நிறம் படிப்படியாக மங்கிச் செல்லும்.

உண்மையான கடினம் பிரதிபலிப்பில் இருக்கிறது. பளபளக்கும் காரில் அதன் நிறத்தைவிடச் சுற்றுப்புறமே மிகுதியாகத் தெரியும். மேல்நோக்கிய பரப்புகள் வானத்தையும் கீழ்நோக்கியவை தரையையும் வாங்கும். பக்கவாட்டில் அடிவானம் கரும்பட்டையாக நெளிந்தோடும். கதவு எங்கே புடைக்கிறது, எங்கே குழிகிறது என்பதை அந்த நெளிவே காட்டிவிடும். குரோம் பூச்சில் இந்த ஒளி வேறுபாடு இன்னும் கூர்மை.

சாம்பல் நிறத் தாளில் நடுநிறத்தைத் தாளே தந்துவிடுவதால், ஒளியும் நிழலும் சேர்த்தால் போதும். மின்னும் விளிம்புகளுக்கு வெள்ளைக் குவாஷ் கடைசியில், மிகச் சிக்கனமாக வைக்கப்படும்.