குதிரைகள் நடந்த கரை

பிரான்சு தேசத்தின் தென்பாகத்திலே, துலூஸ் நகரில் தொடங்கி மத்தியதரைக் கடலோரத்துத் தோ என்னும் கடனீரேரி வரையும், 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் செல்கிறது. 'கனால் து மிதி' என்பது அதன் பெயர். தெற்குக் கால்வாய் என்று நாம் சொல்லலாம். அதன் கரை நெடுக ஒரு பாதை உண்டு. துலூஸிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குத் தார் போட்டிருக்கிறார்கள். அதற்கப்பால் பெரும்பாலும் கிறவலும் மண்ணும், இடையிடையே தலைநீட்டும் மரவேர்களுமே. மோட்டார் வாகனங்கள் அதிலே ஓடுவதில்லை. கோடை காலத்தில் பல தேசத்தவரும் துவிச்சக்கர வண்டியேறி இவ்வழியே போகிறார்கள். ஒரு பக்கத்தில் அசையாத நீர். மறு பக்கத்தில் நிரை நிரையாகத் திராட்சை. நாட்கணக்காக மிதித்தாலும் பெரிய ஏற்றம் ஒன்றும் எதிர்ப்படாது.

இத்தகைய பாதையைக் காண்பவர், உல்லாசப் பயணிகளுக்காகவே யாரோ பார்த்துப் பார்த்து அமைத்தார்கள் என்று எண்ணக்கூடும். நேயர்களே, அது அவர்களுக்காக அமைக்கப்பட்டதன்று, குதிரைகளுக்காக அமைக்கப்பட்டது. படகிலே கயிற்றைக் கட்டிக் கரையில் நடந்து இழுத்த குதிரைகளின் பாதை அது. பிற்காலத்தவர் அங்கே காணும் சமதரையும் நிழலும் அமைதியும் ஒவ்வொன்றும் வேறொரு காரணத்தினால் வந்தவை. அக்காரணங்களைச் சற்றே கிளறிப் பார்ப்போம்.

பதினேழாம் நூற்றாண்டிலே அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் செல்ல விரும்பிய பிரெஞ்சுக் கப்பல், ஸ்பானிய தேசம் முழுவதையும் சுற்றி, ஜிப்ரோல்டர் நீரிணையைக் கடந்தே வரவேண்டியிருந்தது. கடற்கொள்ளையரும் புயலும் ஒருபுறம், ஸ்பானிய மன்னனின் பகை மறுபுறம். நாட்டின் குறுக்கே ஒரு நீர்வழி வெட்டினால் என்ன என்ற யோசனை பல மன்னர் காலத்திலும் எழுந்து எழுந்து அடங்கியது. வெட்டுவது கடினமன்று, வெட்டிய கால்வாய்க்கு நீர் எங்கிருந்து வரும் என்பதே எவராலும் விடை காண முடியாத வினாவாக இருந்தது. இரு கடல்களுக்கும் நடுவே நோரூஸ் என்னுமிடத்தில் நிலம் 189 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அவ்வுச்சிக்கு நீரைக் கொண்டுவந்து சேர்த்தாலன்றி இரு புறமும் கால்வாய் வற்றிக் கிடக்கும்.

விடை கண்டவர் ஒரு பொறியியலாளர் அல்லர். பியர் போல் ரிக்கே என்பவர் பெசியே நகரிற் பிறந்து, உப்பு வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்துப் பொருள் சேர்த்தவர். வயது ஐம்பதைக் கடந்த பின், 1662ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சர் கொல்பேருக்குத் தமது திட்டத்தை எழுதியனுப்பினார். கறுப்பு மலை என்னும் மலைத்தொடரில் வீணே ஓடும் ஓடைகளைச் சிறு வாய்க்கால்களால் ஒன்றுசேர்த்து, நோரூஸ் உச்சிக்குத் திருப்பலாம் என்பதே அத்திட்டம். (ஐம்பதுக்குப் பின் புதிதாக எதைத் தொடங்குவது என்று சலித்துக்கொள்ளும் என் போன்ற ஆசிரியர்கள் இவரை நினைத்துக்கொள்வது நல்லது.) 1666ஆம் ஆண்டு ஒக்டோபரில் அரசாணை பிறந்தது. மறு ஆண்டு வேலை தொடங்கியது. சென் பெரெயோல் என்ற இடத்திலே பள்ளத்தாக்கின் குறுக்கே பெரிய அணை கட்டி, மழைக்காலத்து நீரைக் கோடைக்கெனச் சேமித்தனர். ஏரி கட்டி வாழ்ந்த இனத்தவராகிய நமக்கு இதன் அருமை விளங்கும்.

பணம் எங்கிருந்து வந்தது? அரசும் மாகாணமும் கொடுத்தன. போதாததை ரிக்கே தாமே இட்டார். அவர் இட்டதில் உப்பு வரியின் பங்கு பெரிது. ஏழையின் கஞ்சியிலே விழும் உப்புக்கு இட்ட வரி அது. அதை மக்கள் எவ்வளவு வெறுத்தனர் என்பதை அக்காலத்துக் கலகங்களே சொல்லும். அவ்வரியின் காசு இப்பாதையின் அடியிலே கிடக்கிறது என்பதை நான் மறக்க விரும்பவில்லை. அதே வேளையில் மற்றொன்றையும் சொல்லவேண்டும். வேலை உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 12,000 பேர் அங்கே உழைத்தனர். மழை நாளுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும், பண்டிகைக்கும், நோயுற்ற நாளுக்கும்கூட ரிக்கே கூலி கொடுத்தார். தருமமும் அதில் இருந்திருக்கலாம். ஆள் நிலைக்காமல் அறுவடை வேலைக்குப் போய்விடுவார்கள் என்ற கணக்கும் இருந்திருக்கும்.

அவ்வேலையாட்களிலே பெருந்தொகையான பெண்களும் இருந்தனர். கூடையில் மண் சுமந்தவர்கள் என்றே நெடுங்காலம் நூல்கள் அவர்களைக் குறிப்பிட்டு அப்பாற் சென்றன. அண்மைக் காலத்து ஆராய்ச்சி மேலும் ஒன்றை எடுத்துக் காட்டியுள்ளது. பிரனீஸ் மலைக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், தம் ஊர்களிலே ஊற்று நீரை நெடுந்தூரம் சரிவறிந்து கொண்டு செல்லப் பழகியவர்கள். அந்த அறிவும் மண்ணோடு சேர்ந்து கால்வாய்க்கு வந்ததாம். கால்வாய்க்கரையிலே ரிக்கேயின் பெயர் ஊரூராக ஒலிக்கிறது. இப்பெண்களில் ஒருத்தியின் பெயரை யார் சொல்கிறார்கள்?

சரிவறியும் அந்த நுட்பத்தின் சிறப்பைக் காணவேண்டுமானால், அர்ஜன்ஸ் என்னும் ஊரிலிருந்து பெசியே நகரின் எல்லை வரையுள்ள பகுதிக்குச் செல்லவேண்டும். ஏறத்தாழ 54 கிலோமீட்டர் தூரத்துக்கு அங்கே ஒரு நீர்ப்பூட்டும் இல்லை. நீர்ப்பூட்டு என்பது இரு கதவுகளுக்கிடையே நீரை ஏற்றியும் இறக்கியும் படகை மேலும் கீழும் கொண்டு செல்லும் அறை. அது இல்லாமல் இவ்வளவு தூரம் நீரை ஒரே மட்டத்தில் நிறுத்த, குன்றுகளின் இடுப்பைத் தழுவித் தழுவிக் கால்வாயை வளைத்திருக்கிறார்கள். அவ்வழியே செல்பவருக்கு, இப்போது பார்த்த கோயிற் கோபுரம் அரைமணி நேரம் கழித்து மறுபுறத்திலே தோன்றும். வளைய இடமின்றிக் குன்று மறித்த மல்பா என்ற இடத்தில் மட்டும், 1679ஆம் ஆண்டிலே, மலையைக் குடைந்து 160 மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் வழி செய்தனர். அதே குன்றின் அடியிலே பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சதுப்பு நிலத்து நீரை வடிப்பதற்குக் குடைந்த சுரங்கமும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகையிரதச் சுரங்கமும் உண்டு. ஒரு குன்றுக்குள் மூன்று காலங்கள்! அப்பால் பொன்செரான் என்னுமிடத்தில் எட்டு அறைகள் படிக்கட்டுப் போல் அடுக்கப்பட்டு, கால்வாய் 21 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ரிக்கே 1680ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி காலமானார். கால்வாய் திறக்கப்பட்டது 1681ஆம் ஆண்டு மே மாதத்தில். பிள்ளைகளுக்கு அவர் விட்டுச்சென்றவற்றுள் பெருங்கடனும் ஒன்று.

பின்னர் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அக்கரையில் குதிரைகள் நடந்தன. லோறகே சமவெளியின் கோதுமை கடலோரத்துக்குச் சென்றது. பயணிகள் படகில் நாட்கணக்காகச் சென்று, லு சொமாய் போன்ற துறைகளில் இரவு தங்கினர். பிற்காலத்தில் அமெரிக்காவின் சனாதிபதியான தோமஸ் ஜெபர்சன், பிரான்சிலே தம் நாட்டின் தூதராக இருந்தபோது, 1787ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வழியே வந்தார். தமது வண்டியின் சில்லுகளைக் கழற்றி, அதைப் படகின் மேல் ஏற்றி அமர்ந்துகொண்டார். மனம் வந்தபோது இறங்கிக் கரையோரமாக நடந்தார். அப்பாதையிலே வேறு வேலையின்றி நடந்து மகிழ்ந்தவர்களுள் அவரை மூத்தவராகக் கொள்ளலாம்.

1856ஆம் ஆண்டில் ஏறத்தாழ 100,000 பயணிகள் இக்கால்வாயிற் சென்றார்கள். மறு ஆண்டே போர்தோவிலிருந்து கடலோரம் வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1858இல் நடந்ததோ வேடிக்கையான காரியம். கால்வாயை நாற்பது ஆண்டுக் குத்தகைக்கு அப்புகையிரதக் கம்பனியிடமே கொடுத்தார்கள்! பூனையிடம் பாற்பானையை ஒப்படைத்த கதைதான். கம்பனி கால்வாய்க் கட்டணத்தை உயர்த்தியது. சரக்கு தண்டவாளத்துக்கு மாறியது. குத்தகை முடிந்தபோது கால்வாய் எழுந்திருக்க முடியாத நோயாளியாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டிலே படகுகளுக்கு இயந்திரம் பூட்டியதும் குதிரைகளும் கரையைவிட்டு நீங்கின. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் சரக்குப் படகுகளும் ஓய்ந்தன. வண்டியோட்டி வருபவர் வியக்கும் அமைதி, ஒரு தொழில் மாண்டு கிடைத்த அமைதி.

திராட்சைக்கும் ஒரு கதை உண்டு. 1860களில் பைலொக்செரா என்னும் நுண்ணிய பூச்சி வேரைத் தின்று பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்களின் மேல் பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டி மீட்டார்கள். மீண்ட பின் விளைச்சல் மிதமிஞ்சியது, சீனி கலந்த போலி மதுவும் சந்தையை நிரப்பியது, விலை வீழ்ந்தது. கால்வாய்க்கரை ஊராகிய அர்ஜெலியேயிலிருந்து 1907ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் தேதி, மார்சலென் அல்பேர் என்பவரின் தலைமையில் 87 பேர் நீதி கேட்டு நர்பொன் நகருக்குச் சென்றார்கள். மூன்று மாதத்துள் மொன்பெலியே நகரிலே பல இலட்சம் பேர் திரண்டனர். ஜூன் மாதத்தில் நர்பொன்னிலே படையினர் சுட்டதில் அறுவர் மடிந்தனர். செய்தி கேட்ட 17ஆம் படைப்பிரிவினர், பெரும்பாலும் அப்பகுதி உழவரின் பிள்ளைகள், ஆயுதங்களோடு பாசறையைவிட்டுப் பெசியேக்கு நடந்துவிட்டார்கள். அம்மாத முடிவிலேயே போலி மதுவைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அர்ஜெலியே ஊரிலே துவிச்சக்கர வண்டியை நிறுத்தித் தண்ணீர் அருந்துபவர்களில் எத்தனை பேர் அந்த எண்பத்தேழு பேரை அறிவார்கள்?

எஞ்சியிருப்பது நிழல். கரையைக் காத்து நின்ற மரங்களுள் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நட்ட பிளேன் மரங்கள், ஏறத்தாழ 42,000. அவற்றின் வேர் கரையைப் பிடித்தது. இலை நீர் ஆவியாவதைக் குறைத்தது. 1996ஆம் ஆண்டில் இக்கால்வாயை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. பத்து ஆண்டு கழித்து, 2006இல், கார்க்கசோன் நகருக்கு அண்மையில் ஒரு மரம் வாடியிருக்கக் கண்டனர். மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துக் கொல்லும் பூஞ்சணம் அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படையின் தளவாடப் பெட்டிகளின் பலகையோடு பிரான்சுக்கு வந்தது என்று கருதப்படுகிறது. அதற்கு மருந்தில்லை. நோயுற்றதையும் அதன் அயலில் நிற்பதையும் வெட்டி எரிப்பதே வழி. படகுகளின் உராய்வினாலும் ஓடும் நீரினாலும் அது பரவுவதால், பல்லாயிரம் மரங்களை வெட்டிவிட்டார்கள்.

வெட்டிய இடங்களில் வேறு வேறு இன மரக்கன்றுகளை நடுகிறார்கள். ஒரே இனத்தை நட்டதன் பயனைக் கண்டுவிட்டார்கள் அல்லவா? அவை வளர்ந்து நிழல் தருவதற்குப் பல ஆண்டு செல்லும். அதுவரை சில இடங்களில், வெறுங்கரை வழியே, தெற்குத் தேசத்து வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டுதான் வண்டியை மிதிக்க வேண்டும்.