ஒரே கோணம், இரு வழிகள்

1971-ஆம் ஆண்டளவில் இத்தாலியில் இரு மோட்டார் சைக்கிள்கள் வெளிவந்தன. டுகாட்டி 750-ஐ ஃபாபியோ தாலியோனியும், மோட்டோ குஸ்ஸி வி7 ஸ்போர்ட்டை லீனோ தொந்தியும் அமைத்தனர். இரண்டிலும் கொள்ளளவு 748 கன சென்டிமீட்டர்; இரு சிலிண்டர்களுக்கிடையே 90 பாகைக் கோணம். அதிர்வைத் தணிப்பது அக்கோணமே.

தாலியோனி சிலிண்டர்களை முன்னும் பின்னுமாக நிறுத்தினார். வண்டி ஒடுங்கியது, ஆயினும் நீண்டது. தொந்தி அவற்றை இருபுறமும் விரித்தார். இரண்டும் ஒருங்கே காற்றுப் பெற்றன, ஆயினும் அகலம் மிகுந்தது. அங்கே பின்சக்கரத்தைச் சுழற்றியது சங்கிலி, இங்கே சுழல்தண்டு.

1972 ஏப்ரலில் இமோலா பந்தயத்தில் டுகாட்டி முதலிரு இடங்களையும் வென்றது. அதனால் குஸ்ஸியைத் தாழ்ந்ததென்று நான் கூறேன். பந்தயக்களம் வேகத்தை அளக்கும். சங்கிலியைப் பேணும் தொல்லையற்ற நெடும்பயணத்தை அளக்காது. எதற்காகச் செய்தனர் என்று அறிந்த பின்னரே எதனையும் ஒப்பிடுதல் முறை.