யாருடைய சொல் செய்தியாகிறது?

பத்திரிகைச் செய்தி நிகழ்ச்சியிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. யாருடைய சொல்லை ஒரு காலத்துச் சமூகம் உண்மையெனக் கொள்கிறதோ அந்த நம்பிக்கையும் அதனைப் பெற்றெடுக்கிறது. 2006ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் திருகோணமலையில் நிகழ்ந்தவை இதற்குச் சான்று.

1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்த இத்துறைமுக நகரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்கின்றனர். ஆனால் மொழிவழி பிரிந்த கல்வியில் வளர்ந்த தலைமுறைகள், அடுத்த வீட்டான் படிக்கும் ஏட்டைப் படிக்க இயலாதவையாயின. 1973இல் லேக் ஹவுஸ் நிறுவனம் அரசின் பிடிக்குள் சென்றது. 1983க்குப் பின் போர் மூண்டதும் இராணுவத்தின் அறிக்கை செய்தியாகவும், பிள்ளையை இழந்த தாயின் வாக்கு வெறும் 'குற்றச்சாட்டாகவும்' அச்சேறும் வழக்கம் வேரூன்றிவிட்டது. தமிழ் ஏடுகள் மட்டும் தூய்மையானவையா? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றிய கொடுமையை உரக்கச் சொல்ல அஞ்சிய தமிழ் ஏடுகள் பல. அச்சமும் ஓர் ஆசிரியர்தான்!

2006 ஜனவரி 2. போர்நிறுத்த ஒப்பந்தம் ஏட்டளவில் நடைமுறையிலிருந்த காலம். மாலையில், கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துவிட்டதென்று படைத்தரப்பு கூறியது. அக்கூற்று ஏன் எளிதில் செலாவணியாயிற்று? தமிழ் இளைஞனின் கையையும் குண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைய சமூக மனம் பழகியிருக்கவில்லை. அந்த மனம் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த வரியைத்தான் படைத்தரப்பு வாசித்துக் காட்டியது.

'சுடர் ஒளி' நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பிரேத அறைக்குள் சென்று படம் எடுத்தார். தலைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் அவரது ஏட்டில் வெளிவந்தபின் குண்டுக் கதை நிற்க இடமின்றிப் போயிற்று. தமிழரின் சொல்லை எடை குறைத்து நிறுத்துப் பழகிய தராசுக்கு இந்தச் சாட்சி அடங்கவில்லை. காயத்துக்கு மொழியும் இல்லை, இனமும் இல்லை.

ஜனவரி 24ஆம் நாள் காலை, அதே நகரில், சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மாணவர் கொலை வழக்கில் 2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதாயினர். சாட்சிகள் சிலர் அதற்கு முன்பே உயிருக்கஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், சான்று போதாதென்று பதின்மூன்று பேரையும் விடுவித்தது. சுகிர்தராஜனின் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.