அடுக்கம் வழியும் கிரீட் வழியும்: சிறு செலவில் இரண்டு மலைநடைகள்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவின் தெற்குக் கரையில் இருக்கிறது லூத்ரோ. பழனிமலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது வெள்ளகவி. லூத்ரோவுக்குப் படகில் போகலாம், இல்லையென்றால் நடக்கலாம். வெள்ளகவிக்கு மிக நெடுங்காலம் நடை ஒன்றே வழி. அதே தெற்குச் சரிவில் உள்ள அடுக்கத்துக்கோ கும்பக்கரையிலிருந்து தார்ச்சாலை ஏறிவிட்டது. முதுகில் பையும் அளவான பணமுமாக நண்பர்களோடு புறப்படுகிறவர்களுக்கு மத்தியதரைக்கடல் தீவு ஒரு கனவு. பழனிமலை, பேருந்து ஏறினால் வந்துவிடும் பக்கத்து ஊர். இரண்டையும் அருகருகே வைத்து எடைபோட்டால், கனவுக்கும் பக்கத்து ஊருக்கும் நாம் எதிர்பாராத உறவு புலப்படுகிறது.

முதலில் உருவம். கிரீட் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கி.மீ. நீளம், பழனிமலை அதே திசையில் 65 கி.மீ. நீளத்தில் நாலில் ஒரு பங்குதான். உயரத்தில் நிலைமை தலைகீழ். கிரீட்டின் உச்சியான சிலோரிதிஸ் 2,456 மீட்டர்; பழனி மேல்மலையின் சிகரங்கள் 2,500 மீட்டரைத் தாண்டுகின்றன. அங்கே கடல் சூழ்ந்திருக்கிறது. இங்கே வெப்பமான சமவெளி சூழ்ந்திருக்கிறது. குளிரில் மட்டுமே வாழும் சோலைக்காட்டுச் சிற்றுயிருக்கு வத்தலக்குண்டின் வெயில், கடலைப் போலவே கடக்க முடியாத எல்லை. உயிரியலாளர்கள் இத்தகைய சோலை உச்சிகளை வான்தீவுகள் என்றே அழைக்கிறார்கள். அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்கின் பெயரைத் தாங்கிய சிரிப்பான் பறவை, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனிமலையிலும் அதை ஒட்டிய உயர்மலைகளிலும் மட்டுமே வாழ்வதற்கு இந்தத் தனிமையே காரணம். டிக்டமோ என்ற மூலிகை கிரீட்டின் பாறைச் செங்குத்துகளில் மட்டுமே தானாக முளைப்பதற்கும் காரணம் அதுவே.

இரண்டு தீவுகளிலும் நடை மேலிருந்து கீழே இறங்குகிறது. கிரீட்டின் சமாரியா பள்ளத்தாக்கின் தலைவாயில் 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து 16 கி.மீ. இறங்கினால் அயியா ரூமெலியில் லிபியக் கடல் காலை நனைக்கும். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் தொடங்கும் பாதை டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து வெள்ளகவிக்கும், அதற்குக் கீழே கும்பக்கரை அருவிக்கும் இறங்குகிறது. இரண்டிலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பகலில் சட்டையே பாரமாகும். இரண்டிலும் நுரையீரலைவிட முழங்கால்தான் அதிகம் உழைக்கிறது. இரண்டும் நீரில் முடிகின்றன. அங்கே கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு கரையிலேயே. இங்கே பொழுது சாய்ந்தபின் இறங்கினால் காட்டுமாடு குறுக்கிடும் பாதையில் இருட்டோடு போராட வேண்டும். நேரத்தை மதிக்க இரண்டு பாதைகளுமே கற்றுக்கொடுக்கின்றன.

வழியில் தலைகாட்டும் விலங்குகளிலும் ஒரு சமச்சீர் உண்டு. சமாரியாவின் செங்குத்துப் பாறைகளில் வளைந்த கொம்போடு நிற்பது கிரிகிரி என்னும் காட்டாடு. பழனி மேல்மலையின் புல்வெளி விளிம்பில், கண்ணும் அதிர்ஷ்டமும் இருந்தால், வரையாடு தென்படும். இரண்டும் பாறையை நம்பிப் பிழைப்பவை. இரண்டையும் வேட்டை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. ஆனால் வம்சவழியைத் தேடினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. காட்டின் அடையாளமாகக் கொண்டாடப்படும் கிரிகிரி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் மனிதர் படகில் கொண்டுவந்த ஆடுகளின் வழித்தோன்றல் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வரையாடோ இந்த மலைகளுக்கே உரியது. மரபணு ஆய்வு அதை வெள்ளாட்டைவிடச் செம்மறி இனத்துக்கு நெருக்கமாக வைக்கிறது.

பாதைகளைப் பார்ப்போம். கிரீட்டின் பழைய கல்பாவிய தடங்கள் கோவேறு கழுதைக்காகப் போடப்பட்டவை. ஆலிவ் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் அவற்றின் வழியே கரைக்கு இறங்கின. பழனிமலையின் தென்சரிவுத் தடங்கள் தலைச்சுமைக்காரர்களாலும் பொதிக்குதிரைகளாலும் தேய்ந்தவை. காப்பியும் எலுமிச்சையும் வாழைத்தாரும் அவற்றின் வழியே பெரியகுளம் சந்தைக்கு இறங்கின. வத்தலக்குண்டு மலைச்சாலை 1910களில் திறக்கும்வரை கொடைக்கானலுக்குப் போன வெள்ளைக்காரர்களும் இந்தத் தென்சரிவில்தான் ஏறினார்கள். நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கியவர்கள் அடிவாரத்துக் கூலியாட்கள். இன்று உல்லாசத்துக்காக நாம் நடக்கும் தடம், அன்று கூலிக்காக நடந்தவர்களின் தடம். கிரீட்டுக்கும் இது பொருந்தும். குறைந்த செலவில் போகிறவர் இரண்டு இடங்களிலும் தம்மையறியாமல் பழைய உழைப்பாளியின் வழியையே தேர்ந்தெடுக்கிறார். இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் ஈர்க்கும் உறவு இதுதான்.

வேற்றுமை தொடங்கும் இடம் அடுக்கம். சாலை வராத லூத்ரோவில் வந்தவர் தங்குகிறார்; படகு நேரம் அவரை நிறுத்துகிறது. சாலை வந்த அடுக்கத்தைப் பலர் கடந்துபோகிறார்கள். பெருமாள்மலைக்கு ஏறும் குறுக்குவழியாகவே அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். ஆனால் இதை வைத்து, சாலை இல்லாமை நல்லது என்று முடிவுகட்டுவது பயணியின் சுயநலம். லூத்ரோவுக்குக் கடல் இருக்கிறது. படகு நோயாளியையும் ஏற்றும், சரக்கையும் ஏற்றும். சாலையற்ற மலையூரில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூக்கிச் சுமக்கத்தான் வேண்டும். அடுக்கத்துக்காரர்களுக்குச் சாலை உரிமை, நமக்கு வசதி. மழைக்காலத்தில் மண் சரிந்து அந்தச் சாலை அடைபடும்போது நமக்குப் பயணத்திட்டம் மாறுகிறது. அவர்களுக்கு விளைச்சல் சந்தைக்குப் போகாமல் நிற்கிறது.

இரவு தங்குவதிலும் இணைகோடுகள் உண்டு. கிரீட்டின் மத்தாலா கடற்கரைக் குகைகள் ரோமானியர் காலத்தில் கல்லறைகளாக இருந்தவை. 1960களில் ஹிப்பிகள் அவற்றையே வாடகையில்லா அறைகளாக்கினார்கள். கனடியப் பாடகி ஜோனி மிட்செல் 1970இல் அங்கே தங்கினார். பழனிமலையிலும் தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கம் மூதாதையரின் கல்திட்டைகள் நிற்கின்றன. ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1928இல் வெளியானது. இன்று மத்தாலா குகைகளில் இரவு தங்க முடியாது. நம் கல்திட்டைகளோ காவலின்றி நிற்கின்றன. அவற்றின்மேல் ஏறாமல், பெயர் கிறுக்காமல் வருவது நம் பொறுப்பு. கூடாரக் கனவுக்கும் இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான்: கிரேக்கச் சட்டம் கண்ட இடத்தில் கூடாரமடிப்பதைத் தடுக்கிறது, நம் காப்புக்காட்டிலும் அனுமதியில்லை. ஆக, சிக்கனம் என்பது அங்கே விடுதியின் பொதுக்கூடத்தில் ஒரு கட்டில். இங்கே நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு வீட்டு அறை.

சாப்பாடு இன்னும் நெருக்கம். கிரீட்டின் மேய்ப்பர்கள் பாக்ஸிமாதி என்ற பார்லி ரொட்டியை இருமுறை சுட்டு, ஈரம் போக்கி, வாரக்கணக்கில் பையில் வைத்திருந்தார்கள். நம்மவர்கள் சோற்றைப் புளியிலும் நல்லெண்ணெயிலும் கிளறி, வாழையிலையில் கட்டினார்கள். ஒன்று நீரை நீக்கிக் கெடாமல் காத்தது. மற்றது புளிப்பைச் சேர்த்துக் காத்தது. பாக்ஸிமாதிமேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் ஏறினால் அது தாக்கோஸ்; மலிவு, வயிறு நிறையும். கட்டுச்சோற்றோடு ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் வேறு தொட்டுக்கை தேடவேண்டியதில்லை.

பணக் கணக்கில் இரண்டும் எதிரெதிர். கிரீட் பயணத்தில் பெருஞ்செலவு ஊர் சேரும் முன்பே முடிந்துவிடுகிறது: விமானக் கட்டணம், 2024இலிருந்து 90 யூரோவான ஷெங்கன் விசாக் கட்டணம். அங்கே இறங்கியபின் பேருந்தும் ரொட்டியும் கட்டிலும் தாங்கக்கூடியவை. பழனிமலையில் போய்ச்சேரும் செலவு சொற்பம்; செலவு கூடுவது சீசனில், ஏப்ரல் மே மாதங்களில் அறை வாடகை ஏறும்போது. கொடைக்கானலுக்குள் வரும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்தில் வருகிறவருக்கு அந்தக் கவலையும் இல்லை. விதி இங்கே சிக்கனக்காரருக்குச் சாதகம்.

இதற்குள் இன்னொரு வியப்பு ஒளிந்திருக்கிறது. நம் இளைஞர்கள் மத்தியதரைக்கடலை எண்ணி ஏங்கும்போது, அதன் கிழக்குக் கரையிலிருந்து, ராணுவச் சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் முதுகுப்பையோடு வட்டக்கானலுக்கு வருகிறார்கள். அதனால்தான் அங்கே எபிரேய எழுத்துப் பலகைகளும் ஷக்‌ஷூக்காவும் ஃபலாஃபெலும் வந்தன. அவர்கள் தேடுவதும் நாம் தேடுவதும் ஒன்று: கையிருப்பு நெடுநாள் தாங்கும் ஓர் ஊர், நண்பர்களோடு அவசரமில்லாத பொழுது.

பாதுகாப்பில் மட்டும் கிரீட்டிடம் நாம் கற்கவேண்டியது உண்டு. சமாரியா 1962 முதல் தேசியப் பூங்கா. ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். வாயிலில் வாங்கிய சீட்டை வெளியேறும்போது காட்ட வேண்டும். உள்ளே எவரும் தங்கிவிடவில்லை என்று காவலர்கள் உறுதிசெய்ய அது உதவுகிறது. மழை மிரட்டினால் வாயில் திறக்காது. திறக்காததை எவரும் குறையாகச் சொல்வதில்லை. நாம் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துப் படித்தோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேறிகளில் 23 பேர் இறந்தார்கள். அதன்பின் அதே ஆண்டில் மலையேற்ற விதிகள் வந்தன. 2024இல் அரசு 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அனுமதிக் கட்டணத்தையும் வழிகாட்டியின் கூலியையும் மிச்சம்பிடிப்பது சிக்கனமே அல்ல. பாதை தெரிந்த மலைக்காரர் ஒருவருக்குக் கொடுக்கும் கூலிதான் அந்தப் பயணத்தின் மிக நியாயமான செலவு.

எடைபோட்டு முடித்தால் எது மேல்? வசதியான கட்டில், ஒழுங்கான பாதைக்குறிகள், கடல் என்று கேட்டால் கிரீட். உயரம், சோலை, காசுக்குக் கிடைக்கும் நாட்கள் என்று கேட்டால் பழனிமலை. ஆனால் பையில் பணம் குறைந்தவர் இரண்டு இடத்திலும் ஊராரின் பேருந்தை, ஊராரின் படகை, ஊராரின் சோற்றை, ஊரார் போட்ட பாதையை நம்பியே நடக்கிறார். அதனால்தான் அவர் ஊரைப் பார்க்கிறார். பணம் நிறைந்தவர் பெரும்பாலும் ஊரைக் கடக்கிறார். என் பரிந்துரை நேரானது: நண்பர்களோடு முதல் நடை தென்சரிவில் அமையட்டும். அடுக்கத்தில் ஒரு வேளையாவது நின்று சாப்பிடுங்கள், கேட்ட விலையைப் பேரமின்றிக் கொடுங்கள், கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்தப் பழக்கம் படிந்த கால்கள் பிறகு கிரீட்டுக்குப் போனால், அங்குள்ளவர்களுக்கும் நல்ல விருந்தாளிகளாக இருக்கும்.