சேன்-சீர் பள்ளியில் ‘எஸ்தர்’

வெர்சாய் அரண்மனைக்கு அருகே, சேன்-சீர் என்னும் ஊரில், 1686ஆம் ஆண்டில் ஒரு பெண்கள் பள்ளி எழுந்தது. அதனை நிறுவியவர், பதினான்காம் லூயி மன்னர் மறைவாக மணந்துகொண்ட மாந்தெனோன் அம்மையார். சிறைக்கூடத்தில் பிறந்து, வறுமையில் வளர்ந்தவர் அவர். ஆதலின், நொடித்துப்போன உயர்குடிக் குடும்பங்களின் பெண்மக்கள் 250 பேரை அங்கே சேர்த்து, இருபது வயதுவரை பேணிக் கல்வி புகட்டச் செய்தார்.

நடிப்புப் பயிற்சியும் அக்கல்வியின் ஒரு பகுதியாயிற்று. தெளிவான உச்சரிப்பு, நினைவாற்றல், அவையில் நிற்கும் துணிவு ஆகியவற்றை அது தரும் என்று அம்மையார் நம்பினார். இல்லத் தலைவியான கன்னியர் தாமே எழுதிய நாடகங்களை முதலில் நடிக்கச் செய்தார். அவை சகிக்கக் கூடியவையாய் இல்லையாம். எனவே ரசீனின் ‘ஆந்த்ரோமாக்’ எடுக்கப்பட்டது. காதலும் பொறாமையும் கொந்தளிக்கும் அந்நாடகத்தைச் சிறுமியர் மிக நன்றாகவே நடித்துவிட்டனர். அந்த நன்மையே அம்மையாரைத் திடுக்கிடச் செய்தது. இனி அதை அவர்கள் நடிக்கப் போவதில்லை என்று ரசீனுக்கு எழுதிய அவர், காதல் அறவே இல்லாத பக்தி நாடகமொன்றை எழுதித் தருமாறும் வேண்டினார்.

1677க்குப் பின் அரங்கத்தைத் துறந்து, அரச வரலாற்றாசிரியராய் வாழ்ந்த ரசீன் தயங்கினார். மறுத்துவிடும்படியே நண்பர் புவாலோ அறிவுரை கூறினார். இருப்பினும் ரசீன் விவிலியத்தைத் திறந்து எஸ்தரைக் கண்டெடுத்தார். தாய்மண்ணைப் பிரிந்து, அரச நிழலில் வளரும் இஸ்ரயேல் கன்னியரே பாடகர் குழு. பெற்றோரைப் பிரிந்து சேன்-சீரில் வளர்ந்த பிள்ளைகள் அவ்வரிகளைப் பேசும்போது, நடிப்பதற்கு அதிகம் எஞ்சியிராது என்பது நம் எண்ணம். ஆசிரியரின் மதிநுட்பம் பாத்திரத் தேர்விலேயே பாதி வெளிப்பட்டுவிடுகிறது.

ரசீனே நேரில் வந்து ஒத்திகை நடத்தினார். அரசனும் ஆமானும் உட்பட எல்லா வேடங்களும் சிறுமியருக்கே. மொர்தெக்காயாக நடித்த கிளாப்பியோன் என்ற மாணவியின் குரல் இதயம்வரை செல்கிறது என்று அவர் மகிழ்ந்தாராம். அம்மாணவியே பிற்காலத்தில் அவ்வில்லத்தின் தலைவியானார். அம்மையாரின் உறவினரான இளம் கெய்லுஸ் சீமாட்டி ஒத்திகையை வெறுமனே பார்க்க வந்தவர். அவருக்கென்றே முன்னுரைப் பகுதி ஒன்றைக் கவிஞர் எழுதிச் சேர்த்தார். ஒருநாள் மேடையில் ஒரு சிறுமி வரி மறந்து திணறினாள். திரைக்குப் பின் நின்ற ரசீன், நாடகமே கெட்டதென்று கடிந்துகொண்டார். அவள் அழுதாள். உடனே தம் கைக்குட்டையால் அவள் கண்ணீரைத் துடைத்தவர், தாமும் அழுதுவிட்டார் என்று அவருடைய மகன் எழுதி வைத்துள்ளார். பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிய எவருக்கும் இது விளங்கும்.

1689 சனவரி 26 அன்று நாடகம் அரங்கேறியது. பின்வந்த காட்சிகளின்போது மன்னரே வாயிலில் கைத்தடியைக் குறுக்கே நீட்டி நின்று, பட்டியலில் பெயருள்ளோரை மட்டும் உள்ளே விட்டாராம். நாடிழந்து வந்திருந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் யாக்கோபு வந்தார். ஆயர் பொசுவே வந்தார். செவிஞே சீமாட்டி வந்து, வியந்து மகளுக்கு மடல் எழுதினார். பாரசீக உடையும் மணிகளும் அணிந்த சிறுமியரை அரசவையே உற்றுநோக்கியது.

அங்கேதான் இடர் தொடங்கிற்று. பிள்ளைகளிடம் செருக்குத் தலைதூக்கியது. குரல் கெட்டுவிடும் என்று கோவிலில் பாடவும் சிலர் மறுத்தனர் எனச் சொல்லப்படுகிறது. வெர்சாய் பங்குத்தந்தையோ நாடகம் பார்க்க வர மறுத்தே விட்டார். கண்டனக் குரல்கள் வலுத்தன. குறை நாடகத்தில் இருந்ததாக நாம் கருதவில்லை. சிறுமியரைப் பழக்கியவர்கள் அவர்களுடைய குரலையும் நினைவையும் எண்ணிப் பார்த்த அளவுக்கு, எதிரே அமரப் போகும் அவையை எண்ணிப் பார்க்கவில்லை. வகுப்பறைக்கென்று பிறந்த ஒன்று அரசவையின் கேளிக்கையாயிற்று.

ரசீன் அடுத்து எழுதிய ‘அத்தலியா’ அதற்குரிய விலையைக் கொடுத்தது. 1691 சனவரியில், திரைச்சீலைகளோ வேட உடைகளோ இன்றி, பள்ளிச் சீருடையிலேயே மாணவியர் அதை நடித்தனர். பார்த்தோர் மிகச் சிலரே. மறு ஆண்டில் சேன்-சீர் முறையான துறவு மடமாக மாற்றப்பட்டது. ரசீன் 1699இல் மறைந்தார். அவருடைய படைப்புகளுள் தலையாயதென்று பலர் போற்றும் அந்நாடகத்தைப் பொது அரங்கில் மக்கள் காண 1716 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.