நன்னாரி: பெயர் ஒன்று, கொடி மூன்று

சித்திரை வெயிலில் திருப்பதியிலோ சித்தூரிலோ சர்பத் கடை முன் நின்றால் கண்ணாடித் தம்ளரின் அடியில் கரும்பழுப்புப் பாகு விழும். எலுமிச்சம்பழம் பிழிந்து, ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி போட்டு, மேலே சோடா ஊற்றுவார்கள். தெலுங்கில் நன்னாரிக் கொடிக்கு ‘சுகந்திபால’ என்று அழகான பெயர் உண்டு. ஆனாலும் இராயலசீமை முழுக்கக் கடைக்காரர் வாயில் வருவது ‘நன்னாரி’தான். வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து 1911இல் உண்டாக்கிய மாவட்டம் சித்தூர். அங்கே ஒரு சொல் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருப்பது இயல்பு. வியப்பு என்னவென்றால், சேஷாசல மலையடிவாரத்தில் பல கடைகளில் அந்தப் பாகு நன்னாரிக் கொடியின் வேரிலிருந்து காய்ச்சியதே அல்ல.

நன்னாரி மெலிந்த கொடி. இலையைக் கிள்ளினால் பால் வரும்; அதனால் பாற்கொடி. வேர் ஆழத்துக்கு ஓடும், அதனால் பாதாளமூலி. நறுநெட்டி என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். மலையாளத்தில் இன்றும் நறுநீண்டிதான். கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ அந்தப் பெயரோடுதான் இந்தக் கொடியை ஐரோப்பாவுக்குக் காட்டியது. ‘நன்னாரி’யை ‘நல்ல நாற்றம் உடையது’ என்று பிரித்துப் பார்க்க ஆசை வரும். ஆனால் ‘நாறு’ என்பதில் இருப்பது வல்லின றகரம், இங்கே நிற்பதோ இடையின ரகரம். ஐயமின்றி மணத்தைச் சொல்வது ‘நறு’ முன்னிற்கும் பெயர்கள்தான்.

இதே கொடிக்கு ஆங்கிலத்தில் ‘இண்டியன் சர்சபரில்லா’ என்று பெயர். அந்தப் பெயர் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்பானிய மொழியில் ‘சார்சா’ என்றால் முட்செடி, ‘பர்ரில்லா’ என்றால் சிறுகொடி. மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் வளரும் ஸ்மைலாக்ஸ் இனத்து முட்கொடிகளுக்கு ஸ்பானியர் வைத்த பெயர் இது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வேர் செவில் துறைமுகத்தில் வந்து இறங்கியது. ஊரையே அலைக்கழித்த மேகநோய்க்கு இதுவே மருந்து என்று நம்பினார்கள். செவில் மருத்துவர் நிக்கோலாஸ் மோனார்டெஸ் தம் நூலில் இதை விரிவாக எழுதினார்.

அதே இனத்தின் சீனக் கிளை கிழக்கிலிருந்து நம்மிடம் வந்திருந்தது. நாட்டுமருந்துக் கடையில் இன்றும் கேட்டு வாங்கலாம்: பறங்கிப்பட்டை. போர்ச்சுகீசியரைப் ‘பறங்கி’ என்றோம். அவர்கள் வரவோடு பரவிய நோயைப் பறங்கிப்புண் என்றோம். அதற்குக் கொடுத்த சரக்கு பறங்கிப்பட்டை. கோவாவில் 1563இல் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் நூல் இந்தச் சீன வேரை நோயாளிகளுக்குக் கொடுத்த முறையை விவரிக்கிறது. வடக்கே பாவமிசிரர் தம் ஆயுர்வேத நூலில் ‘பிரங்க ரோகம்’ என்று நோயைப் பெயரிட்டு, ‘சோப்சீனி’ என்ற இதே வேரை மருந்தாகச் சொன்னார். ஆக, சர்சபரில்லாவின் உண்மையான உறவுக்காரர் தமிழ் மருத்துவத்தில் பறங்கிப்பட்டைதான். நன்னாரிக்கும் அதற்கும் தாவரக் குடும்பத்தில் எந்த உறவும் இல்லை. எருக்கோடு சேர்ந்த குடும்பம் நன்னாரி.

பிறகு பெயர் எப்படி மாறி ஒட்டியது? அதற்கு விக்டோரியா அரசி காலத்து மருந்து வியாபாரத்தைப் பார்க்க வேண்டும். ‘பேடண்ட் மருந்து’ என்று குப்பிகளில் விற்ற பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை கேட்டால் சேர்மானத்தை வெளியே சொல்ல வேண்டும். சேர்மானம் இரகசியமாக இருப்பதுதான் வியாபாரம். தாமஸ் ஹாலோவே மாத்திரையும் களிம்பும் விற்றுச் சேர்த்த பணத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரியே கட்டினார். 1886இல் அதை அரசியே வந்து திறந்து வைத்தார். அமெரிக்காவில் லோவெல் நகரத்து ஜேம்ஸ் குக் அயர் ‘அயர்ஸ் சர்சபரில்லா’ விற்றார். வீட்டுக்கு வீடு சேரும்படி பல மொழிகளில் பஞ்சாங்கம் அச்சிட்டு, அதன் பக்கங்களில் தம் மருந்துகளைப் புகழ்ந்தார். அதே ஊரில் ஹூட் என்பவரும் இன்னொரு சர்சபரில்லாவோடு இறங்கினார். எல்லாரும் சொன்னது ஒன்றே: இது இரத்தத்தைச் சுத்தம் செய்யும். சொறி, கட்டி, மூட்டுவலி, சோர்வு எல்லாவற்றுக்கும் கெட்ட இரத்தமே காரணம் என்று சொல்லிவிட்டால் ஒரு குப்பி போதும் அல்லவா! பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் ‘இரகசிய மருந்துகள்’ என்ற நூலில் இப்படிப்பட்ட குப்பிகளைப் பிரித்து ஆராய்ந்து, உள்ளே இருப்பது என்ன, அதன் அடக்க விலை என்ன என்று அச்சிட்டது. கிளார்க் என்பவரின் பெயர்பெற்ற இரத்தக் கலவையில் அகப்பட்டது பொட்டாசியம் அயோடைடு.

இவ்வளவு கிராக்கி உள்ள வேர் அட்லாண்டிக் தாண்டி வர வேண்டியிருந்தது, விலையும் அதிகம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேய மருத்துவர்கள் மலிவான மாற்றுத் தேடினார்கள். நம் வைத்தியர்கள் மேகத்துக்கும் உடல் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் தந்துவந்த நன்னாரி கண்ணில் பட்டது. செய்யும் வேலை ஒன்றுபோலத் தெரிந்ததால் பெயரும் ஒன்றாயிற்று. ஆஷ்பர்னர் என்ற மருத்துவர் 1831இல் இதை ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1864இல் வெளியான முதல் பிரிட்டிஷ் மருந்து நூலில் நன்னாரி வேர் இடம் பிடித்தது. இந்தியாவுக்கென்று 1868இல் வாரிங் ஒரு மருந்து நூலைத் தொகுத்தார். அடுத்த ஆண்டே சென்னையில் முகைதீன் ஷெரீப் அதற்குத் துணைநூல் எழுதினார். திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய அவர், ஒவ்வொரு மூலிகைக்கும் தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழிப் பெயர்களை வரிசைப்படுத்தினார். ஊரில் என்ன பெயர் சொல்லிக் கேட்டால் சரியான வேர் கிடைக்கும் என்று கவலைப்பட்ட அந்த மனிதரின் உழைப்பு இன்று மறுபதிப்புக்குத் தகுதியானது.

பிரிட்டிஷ் மருந்து நூல் நன்னாரியை எப்படிக் கொடுக்கச் சொன்னது? நசுக்கிய வேரைக் கொதிநீரில் மூடி ஊறவைத்து, வடித்து, சர்க்கரை சேர்த்துச் சிரப்பாக. வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்பதை நம் பாட்டிமாரும் அறிவார்கள். ‘சிரப்’, ‘சர்பத்’ இரண்டுமே ‘குடித்தல்’ என்று பொருள்படும் ஒரே அரபு வேர்ச்சொல்லில் பிறந்தவை. ஒன்று ஐரோப்பா சுற்றி மருந்துக் குப்பிக்குள் போயிற்று; மற்றது பாரசீகம் வழியாகத் தெருக்கடைக்கு வந்தது. இங்கிலாந்தில் சர்சபரில்லாவுக்கும் கடைசியில் அதே கதிதான்: மது ஒழிப்புக்காரர்கள் நடத்திய கடைகளில் சாராயத்துக்குப் பதிலாகத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

இனி, சேஷாசல அடிவாரக் கடைகளின் பாகுக்கு வேர் தரும் மூன்றாவது கொடி. நன்னாரி வேர் பென்சிலை விட மெலிந்தது. கரும்பழுப்புத் தோல் குறுக்கே வெடித்திருக்கும். நடுவில் மரம்போன்ற நரம்பு, மணமெல்லாம் தோலில். ஒரு படி சேர்க்க எத்தனையோ கொடி பிடுங்க வேண்டும். சேஷாசலத்தின் பாறை இடுக்குகளில் வளரும் மாகாளிக் கொடியோ சதைப்பற்றான கிழங்கு விடும். விரல் பருமனுக்கும் மேலே, கை நீளத்துக்கும் மேலே கொத்தாகப் போகும். தமிழ்நாட்டில் அதன் நரம்பை நீக்கி, துண்டு போட்டு, மோரில் மிளகாயும் கடுகுப்பொடியும் சேர்த்து ஊறவைத்தால் மாகாளிக்கிழங்கு ஊறுகாய். பிடிக்காதவர்கள் ‘மூட்டைப்பூச்சி வாசம்’ என்று எழுந்து போவார்கள். பிடித்தவர்களுக்கு மோர்சாதத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். தெலுங்கில் இதற்கு மாரேடு கொம்முலு என்று பெயர். நன்னாரி கொம்முலு என்றும் சொல்வார்கள். இரண்டு வேரிலும் மணம் தருவது ஒரே பொருள், வெனிலினுக்கு மிக நெருங்கிய ஒரு வேதிப்பொருள். மூக்கு ஏமாறவில்லை, பெயர்தான் மணத்தின் பின்னால் ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்குத் தாவிவிட்டது.

தாவியதன் விலையை மலை கொடுக்கிறது. மாகாளியில் விலை போவது கிழங்கு. தோண்டினால் கொடியே போகும். யானாதிப் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக இதை அறிந்து தோண்டியவர்கள். வீட்டுத் தேவைக்கு எடுத்தவரை தாங்கிய மலை, சர்பத் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாக இறக்கும்போது தாங்கவில்லை. திருப்பதியில் நாட்டார் மூலிகை ஆய்வு மையம் நடத்திய எஸ். வேதவதி 2004இல் எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே இதை அருகிவரும் செடி என்று அறிவித்தது. சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலிலும் மாகாளி அருகிவரும் இனம். இந்த மலையில் செம்மரம் வெட்டினால் செய்தியாகிறது. வேர் தோண்டுவதைக் கேட்பாரில்லை.

மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் திசு வளர்ப்பில் மாகாளிக் கன்றுகளை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. தோட்டத்தில் வளர்க்க வழி உண்டு. ஆனால் குப்பியின் மேல் ‘நன்னாரி’ என்று மட்டும் அச்சிட்டிருக்கும்வரை, குடிப்பவருக்கு அது எந்தக் கொடி, காட்டில் தோண்டியதா, வயலில் விளைந்ததா என்பது தெரியப் போவதில்லை. தாவரவியல் பெயர், எடுத்த இடம் என்று இரண்டு வரி கூடுதலாக அச்சிடச் சொன்னால் சர்பத்தின் விலை ஏறிவிடாது. இந்த இரண்டு வரியைக் கேட்க வேண்டிய முதல் ஊர் திருப்பதி.